வ்யூ என்றால் பார்த்தேன், அவ்வளவுதான்

என் பொன்னுத் தம்பி தட்சிணாமூர்த்தி,

நீ பார்த்தேன் என்று எழுதியதை, சம்மதித்தேன் என்று எழுதிவிட்டார்கள். உனக்கு நடந்த அநியாயம் இதுதான். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லால் உன் முப்பது வருஷ உத்தியோகம் போனது, ஊரில் இருந்த பெயர் போனது, நீயும் போனாய். நீ போய் ஐந்து வருஷம் ஆன பிறகும் அந்தச் சொல் மட்டும் அரசாங்கக் காகிதத்தில் அழியாமல் உட்கார்ந்திருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று கோபப்படாதே. இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். படிக்க வேண்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். வாய்விட்டு அழுதாலும் கேட்க ஆள் இல்லை என்றான பிறகு, எழுதுவதைத் தவிர எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நீ பாடம் படிக்கும்போது உனக்கு எதிரே உட்கார்ந்து நெல் புடைத்தவள். ஒரே புத்தகம், அது உன் பக்கம் பார்த்து இருக்கும். அதனால் தமிழும் பிரெஞ்சும் எனக்குத் தலைகீழாகத்தான் முதலில் வாசிக்க வந்தது. நேராகப் பிடித்து வாசிக்கப் பிறகு தனியாகப் பழகினேன். ஆங்கிலத்தை என் மகன் குணசேகரனின் புத்தகங்களை வைத்து நானே கற்றுக்கொண்டேன். நீ சிரிப்பாய். "அக்கா, நீ எதிர்ல உக்காந்தா ஒரு ரகசியமும் மேசையில வைக்க முடியாது" என்பாய்.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் இருந்த கடைசி வருஷங்களில் நீ குமாஸ்தாவாகச் சேர்ந்தாய். அந்த அலுவலகத்தில் உனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பழக்கம், கையில் வந்த காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு ஓரத்தில் இரண்டு எழுத்துப் போடுவது. 'வ்யூ'. பிரெஞ்சில் பார்த்தேன் என்று பொருள். பக்கத்தில் தேதி, சுருக்கக் கையெழுத்து. சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. இந்தக் காகிதம் என் கண்ணுக்குத் தப்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரன் போனான். நீ ஆங்கிலம் படித்தாய், புதுவைக்கு மாற்றலானாய், படிப்படியாக ஏறினாய். ஆனால் அந்த இரண்டு எழுத்து உன் விரலை விட்டுப் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் வ்யூ. மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் வ்யூ. உன் பெண்டாட்டி உயிரோடு இருந்தபோது ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அண்ணி, என்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போனப்ப என் நெத்தியிலயும் போட்டுட்டுப் போயிருப்பாரு." பாவம், பிள்ளை இல்லாமலே போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்திருந்தால் இன்று எனக்கு இந்த அலைச்சல் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நீ கவர்னருடைய செயலாளர் ஆனாய். நம் ஊர் அம்பகரத்தூரில் அதை என்னவென்று புரிந்துகொண்டார்கள் தெரியுமா? கவர்னருக்கு அடுத்தது நீ என்று. பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் உன்னைக் கேட்டேன், அங்கே நீ என்னதான் செய்கிறாய் என்று.

"எந்தக் காயிதம் முதல்ல உள்ள போகணும், எது அப்புறம் போகணும்னு பாக்கறேன். யாரு பத்து நிமிஷம் பேசலாம், யாரு ரெண்டு நிமிஷம்னு பாக்கறேன். அவரு ஒப்புக்கொள்ளக் கூடாத இடத்துல பின்னாடி நின்னு இருமுறேன்."

"இருமுறதுக்கா கவர்மெண்ட்டுல கார் குடுக்குறாங்க?"

"சரியான நேரத்துல இருமணும்க்கா. அது லேசு இல்ல."

இன்னொன்றும் சொன்னாய். கவர்னருக்கு நான் கண், கை அவருடையது. கண் பார்க்கும், கைதான் கையெழுத்துப் போடும் என்று. இதைத்தான் விசாரணையில் யாரும் உன்னிடம் கேட்கவில்லை.

மூன்று கவர்னர்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஊரை நீ முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாய். புதுவைக்கும் காரைக்காலுக்கும் நடுவில் தமிழ்நாடு இருக்கிறது என்பதைச் சொல்லவே ஒருவருக்கு ஒரு மாதம் ஆயிற்று என்றாய். உனக்கென்று ஓர் ஊர் இருப்பதை மட்டும் யாரிடமும் நீ சொல்லவில்லை.

அந்தப் பெரிய புயல் அடித்த வருஷம் கவர்னர் சேதம் பார்க்க வந்தார். முதல் கார் அவருடையது, இரண்டாவது காரில் நீ. அம்பகரத்தூர் கோயில் பக்கம் சனமெல்லாம் மனுவோடு நின்றோம். நீ இறங்கி வரிசையாக வாங்கிக்கொண்டே வந்தாய். என் முறை வந்தது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாய்.

"குடுங்கம்மா, பாக்கறோம்" என்றாய்.

என்னை. உன் அக்காவை. பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக் காத்தாயி உரக்கச் சிரித்தாள். "ஏன் சௌந்தரம், நீயும் நாங்களும் ஒண்ணாயிட்டமா? ஒன் தம்பிக்கு ஒன் மூஞ்சி மறந்துபோச்சா, இல்ல புயல்ல அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சா?"

நான் கொடுத்தது புயல் நிவாரண மனு இல்லை. இதை இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். படிப்பு முடித்து வீட்டில் இருந்த குணசேகரனுக்கு ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை போட்டுக் கொடு என்று என் கையால் எழுதிய கடிதம். மற்ற மனுக்களோடு மனுவாக அதையும் நீட்டினேன். தப்புத்தான். தம்பி பெரிய இடத்தில் இருக்கிறான், பிள்ளை சும்மா இருக்கிறான், ஒரு தாய் வேறு என்ன நினைப்பாள்?

பன்னிரண்டாம் நாள் அந்தக் கடிதம் தபாலில் திரும்பி வந்தது. நான் எழுதியதற்குப் பக்கத்து ஓரத்தில் வ்யூ, தேதி, கையெழுத்து. வேறு ஒரு வரி இல்லை. முடியாது என்றுகூட இல்லை.

ஊரைக் கூட்டிக் கத்தினேன். "பாத்தேன்னு எழுதி அனுப்பிட்டான்டி! கூடப்பொறந்தவ கேட்டதுக்குப் பாத்தேனாம்!" வ்யூ என்றால் என்ன என்று அம்பகரத்தூரில் நாலு தெருவுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். பிறகு ஊரில் அது ஒரு பேச்சே ஆகிவிட்டது. பஞ்சாயத்தில் ஒருவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனால், "அவரு வ்யூ போட்டுட்டாரு" என்பார்கள். இன்று ஒன்றும் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களே, அவர்கள்தான்.

மூன்று வருஷம் உன்னோடு நான் பேசவில்லை. குணசேகரன் இரண்டு வருஷம் என்னோடு வயலில் நாற்றுப் பறித்தான். பிறகு தானாகவே பரீட்சை எழுதி, தேறி, காரைக்காலில் வேலைக்குப் போனான்.

நாம் பேசாமல் இருந்த அந்தக் காலத்தில்தான் வாய்க்கால் விவகாரம் வந்தது. மந்திரிசபை இல்லாமல் எல்லாக் கோப்பும் நேராகக் கவர்னரிடம் போன மாதங்கள். எங்கள் கடைமடை வாய்க்காலின் கரையை ஒரு வெளியூர் ஆளுக்குச் செங்கல் காளவாய் போட விட்டுவிட்டார்கள். அவன் கரையை வெட்டி மண் எடுத்தான். கரை உடைந்து, சம்பாவுக்கு வர வேண்டிய தண்ணீர் பாதி வழியில் பள்ளத்தில் நின்றது. என் நாலு மா நிலமும் அந்தக் கடைமடையில்தான்.

ஊரில் புகார் எழுதினோம். எழுதத் தெரிந்தவள் என்று என்னிடம் காகிதத்தைக் கொடுத்தார்கள். 'இதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.' அந்தக் கடைசி வரி நான் எழுதியது, தம்பி. நான்தான் எழுதினேன். முதல் கையெழுத்தும் என்னுடையது. அந்த வரி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் என் கையை அரிவாள்மணையில் வைத்திருப்பேன்.

விசாரித்தார்கள். உத்தரவு போட்ட கீழ் அலுவலகத்துக்காரர்கள் மேலே கையைக் காட்டினார்கள். மேலே போன கோப்பில் உன் இரண்டு எழுத்து இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி வடக்கிலிருந்து வந்தவர். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றாய். இதற்குப் பார்த்தேன் என்று பொருள் என்று நீ சொல்லி, பிரெஞ்சு அகராதியையும் கொண்டுபோய்க் காட்டினாய். இங்கே நிர்வாகம் நடப்பது ஆங்கிலத்தில் என்று சொல்லி அகராதியைத் தள்ளிவிட்டாராம். சரிபார்த்து ஏற்றேன் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக இருக்கும் என்று அவரே ஒரு பொருளை உண்டாக்கிக்கொண்டார். செயலாளர் ஒப்புதல் அளித்தார் என்று எழுதினார். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

ஒரு தோல்பையோடு நீ அம்பகரத்தூருக்கு வந்தாய். மூன்று வருஷம் கழித்து என் வாசலில் நின்று நீ கேட்ட முதல் வார்த்தை, "அக்கா, சாப்பாடு இருக்கா?"

தட்டைப் போட்டுவிட்டுத்தான் கேட்டேன். "அதுக்கு நீ சம்மதிச்சியாடா?"

"பார்த்தேன்க்கா."

"பாத்துட்டு?"

"வாய்க்கால்கரையை எப்படிக் குடுக்கலாம்னு கேள்வி எழுதி, தனிச் சீட்டு ஒண்ணு குத்தி அனுப்புனேன். இப்ப அந்தச் சீட்டு அதுல இல்ல."

"அத ஒரக்கச் சொல்லேன்டா! நாலு பேரு காதுல விழற மாதிரி சொல்லேன்!"

"சொன்னேன். இல்லாத சீட்டை எப்படி நம்புறதுன்னு கேக்கறாங்க. நான் அவங்க எடத்துல இருந்தாலும் அப்படித்தான் கேப்பேன்."

இந்த நியாயம்தான் உன்னைக் கொன்றது. உன்மேல் பழி போட்டவனுக்காகவும் நீயே வாதாடினாய். ஏன் தம்பி அப்படி இருந்தாய்? மூன்று கவர்னர்களில் ஒருவருக்காவது ஒரு கடிதம் எழுதியிருக்கக் கூடாதா? நான் கேட்டபோதெல்லாம், "அவங்களை இதுல இழுக்கறது முறை இல்லக்கா" என்றாய். முறை, முறை என்று சொல்லி எட்டே மாதத்தில் மார்வலியில் போய்விட்டாய். நான் கஞ்சி எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள்.

சாவுக்கு ஊர் வந்தது. வராமல் இருக்க முடியாது என்பதால் வந்தது. பதினாறாம் நாளுக்கு ஒருவரும் வரவில்லை. சொந்த ஊர் வாய்க்காலை விற்றவன், அக்கா வயலையே காயப் போட்டவன் என்று டீக்கடையில் பேசினார்கள். காத்தாயி மட்டும் கொல்லைப்புறமாக வந்து படையலுக்கு இலை போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் ஒரு உத்தரவு வந்தது. சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று. முதலில் சந்தோஷப்பட்டேன், விட்டுவிட்டார்களே என்று. திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. குற்றம் இல்லை என்று விடவில்லை. ஆள் இல்லை என்று விட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை அப்படியே இருக்கிறது. மறுப்புச் சொல்ல வேண்டியவன் நீ ஒருவன்தான், நீ இல்லை.

காளவாய் எப்போதோ போய்விட்டது. கரையைக் கட்டிவிட்டார்கள். தண்ணீர் வருகிறது, சம்பா விளைகிறது. ஊருக்கு நியாயம் கிடைத்துவிட்டது, தம்பி. உனக்குத்தான் இல்லை.

பஸ் ஏறிப் புதுவைக்குப் போனேன். எத்தனை முறை என்று கேட்காதே. முதல் முறை போனபோது ஓர் அதிகாரி கோப்பைத் தன் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, "அறிக்கைய உங்களுக்குக் காட்ட முடியாதும்மா" என்றார். அவருக்கு எதிரேதான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கம் முழுவதும் படித்துவிட்டேன். ஒப்புதல் அளித்தார் என்ற அந்த ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாகப் பார்த்தேன். இன்றும் கண்ணை மூடினால் அது தலைகீழாகத்தான் தெரிகிறது.

இரண்டாவது முறை ஒரு குமாஸ்தா. நல்ல பிள்ளைதான்.

"சம்பந்தப்பட்டவருதாம்மா மனுப் போடணும்."

"அவரு செத்துப்போயிட்டாரு தம்பி."

"அப்ப அவங்க வீட்டம்மா?"

"அவளும் இல்ல."

"புள்ளைங்க?"

"இல்ல."

"அப்ப நீங்க யாரும்மா?"

"அக்கா."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அக்கான்னு இதுல ஒரு எடமும் இல்லீங்களேம்மா" என்றார். இதற்காகத்தான் சொன்னேன், உன் பெண்டாட்டி இருந்திருக்க வேண்டும் என்று. தூக்கி வளர்த்தவளுக்கு அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை.

சரி, சாட்சி கொண்டுவருகிறேன் என்று கிளம்பினேன். தலத்தெருவில் உன் பழைய சகா ஒருவர் இருந்தாரே, உன்னோடு ஒரே மேசையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், தொண்ணூறு வயதானாலும் மடிப்புக் கலையாத சட்டை போடுவேன் என்பாரே, அவரைத் தேடிப்போனேன். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. "நாங்க எல்லாரும் அப்படித்தாம்மா போட்டோம். வ்யூன்னா சம்மதம்னு சொன்னா, நான் இந்நேரம் பாதிக் காரைக்கால எழுதிக் குடுத்திருக்கணும்" என்று சிரித்தார். அதையே வாக்குமூலமாக எழுதி நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பேனாவை வாங்கினார். ஓரத்தில் ஏதோ போட்டுக் கொடுத்தார். நானும் கையெழுத்துத்தான் என்று மடித்து அனுப்பிவிட்டேன். என் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது.

ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு. 'சாட்சி இதில் வ்யூ என்று மட்டுமே குறித்துள்ளார். இது ஒப்புதல் ஆகாது. முறையான கையெழுத்துடன் மீண்டும் அனுப்பவும்.'

தம்பி, இதைப் படித்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. பார்த்துவிட்டேன் என்று அந்த மனிதர் பழக்கத்தில் போட்டுவிட்டார்! உன் விரலில் இருந்த அதே பழக்கம்! அரசாங்கமே எழுத்தில் கொடுத்துவிட்டது, வ்யூ ஒப்புதல் ஆகாது என்று!

அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். "இது சாட்சிக்குச் சொன்னதும்மா, அதிகாரிக்கு இல்ல. அதும்போக இது வேற செக்‌ஷன்" என்றார்கள். எழுபது வயதில் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். தலத்தெருவுக்குத் திரும்பிப் போனால், பெரியவரை முதல் நாள்தான் அடக்கம் செய்திருந்தார்கள். அந்தக் காலத்து அலுவலகத்தில் இருந்தவர்கள் இன்னும் எத்தனை பேர் மிச்சம்? அவர்கள் முந்துவார்களா, நான் முந்துவேனா?

அந்த நல்ல குமாஸ்தாதான் படிக்கட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அம்மா, அடுத்தவங்க வழக்கத்த வெச்சு ஒண்ணும் ஆகாது. அவரே வ்யூ போட்டு, ஆனா சம்மதிக்காத காயிதம் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. அத வெச்சு அந்தச் சொல்லைத் திருத்தலாமான்னு மேல எழுதிப் பாக்கறேன்."

ஒன்றே ஒன்று இருக்கிறது. அது என் பெட்டியில் இருக்கிறது.

கோவில்பத்தில் குணசேகரன் வீட்டில்தான் அப்போது இருந்தேன். அவனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான்.

"அத வெளிய எடுத்தீங்கன்னா என் கத முடிஞ்சிது."

"நீ பரீட்ச எழுதித்தானேடா போன?"

"அது எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். கவர்னர் செக்ரட்டரிக்கு அக்கா மவன்னு இப்பவே ஆபீஸ்ல குத்திக் காட்டறானுவ. எனக்கு வேல கேட்டு நீங்க எழுதுன காயிதம், அதுல மாமா கைப்பட வ்யூ, இன்னிக்கி நான் வேலையில இருக்கேன். படிக்கிறவன் என்னம்மா நெனப்பான்?"

"மாமா செய்யலங்கறதுக்கு அதானேடா அத்தாட்சி!"

"வ்யூன்னா பாத்தேன்னு நம்பறவனுக்கு அத்தாட்சி. சம்மதம்னு எழுதுன ஆளுங்க கையிலதானே குடுக்கப் போறீங்க? பாத்தியா, அக்கா மவனுக்கும் ஒப்புதல் குடுத்திருக்காருன்னு ரெண்டாவது குத்தமும் சேத்து எழுதுவாங்க. மாமா பேரும் போவும், என் வேலையும் போவும்."

அவன் சொன்னது பொய் இல்லை. ஒரே காகிதம், ஒரே இரண்டு எழுத்து. ஒரு விதமாகப் படித்தால் நீ சுத்தம். இன்னொரு விதமாகப் படித்தால் உன்னோடு சேர்ந்து அவனும் அழிகிறான். எந்த விதமாகப் படிப்பார்கள் என்பது என் கையில் இல்லை.

நாலு மாதம் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருந்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும். "வேணாம்க்கா, பையன் பொழைக்கட்டும்" என்பாய். அது முறை என்பாய். உன் முறையைக் கேட்டுக் கேட்டுத்தான் நீ போனாய். இந்த ஒருமுறை நான் உன் பேச்சைக் கேட்பதாக இல்லை.

போன வாரம் கோவில்பத்தை விட்டு அம்பகரத்தூருக்கே வந்துவிட்டேன். குணசேகரன் பஸ் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் சம்மதிக்கவில்லை. சம்மதித்தான் என்று நான் எழுத மாட்டேன். இன்னொருவன் சொல்லாத சம்மதத்தை எழுதிவைக்கும் பாவம் இந்த வீட்டில் நடக்காது. அவன் சம்மதம் இல்லாமல்தான் அந்தக் கடிதத்தின் நகலை இதோடு அச்சிடக் கொடுத்திருக்கிறேன். நான் வேலை கேட்டது, நீ பார்த்தேன் என்றது, தேதி, எல்லாம் அதில் இருக்கிறது. மேசைக்கு எதிரே உட்காராமலே எல்லோரும் படிக்கட்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

விசாரித்த அதிகாரி இப்போது ஓய்வுபெற்று உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஐயா, நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தெரியாத ஒரு சொல்லுக்கு நீங்களாக ஒரு பொருள் சொன்னீர்கள். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் அப்போது தெரியவில்லை என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அறிக்கையை வைத்திருக்கும் அலுவலகம், ஒப்புதல் அளித்தார் என்பதை அடித்துவிட்டுப் பார்வையிட்டார் என்று எழுத வேண்டும். அடித்தது தெரியும்படி அடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புதுப் பக்கம் வைத்துவிடக் கூடாது.

அக்காவுக்கு இடம் இல்லாத புத்தகத்தில் இடம் உண்டாக்க வேண்டியவர்கள் சட்டம் போடுகிறவர்கள். இறந்தவனுக்காகக் கேட்க யாருமே இல்லாதபோது கூடப்பிறந்தவள் கேட்கலாம் என்று ஒரு வரி போதும். நான் போன பிறகு வந்தாலும் சரி. இன்னொருத்திக்கு ஆகும்.

காரைக்காலில், தலத்தெருவில், எங்கே இருந்தாலும், அந்தக் காலத்து அலுவலகங்களில் வேலை பார்த்து இன்னும் மூச்சு இருக்கிறவர்கள் எனக்கு எழுத வேண்டும். தயவுசெய்து முழுக் கையெழுத்துப் போடுங்கள்.

அம்பகரத்தூர்க்காரர்களே, உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. வ்யூ என்றால் என்ன என்று உங்களுக்கு எப்போதிருந்து தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் கடிதம் திரும்பி வந்த பிறகு குணசேகரன் இரண்டு வருஷம் யார் வயலில் நாற்றுப் பறித்தான் என்பதையும் எழுத வேண்டும். காத்தாயி இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு முதல் கைரேகையை வைத்துவிட்டாள். மற்றவர்கள் கொல்லைப்புறமாக வர வேண்டாம், வாசல் வழியாக வாருங்கள்.

குணசேகரா, நீ என்னோடு பேச வேண்டாம். கேட்கிறவர்களுக்கு மட்டும் நடந்ததைச் சொல். உன் வேலைக்கு ஆபத்து வந்தால், கேட்டது நான், கொடுத்தது நான், அச்சிட்டது நான் என்று எந்தப் படிக்கட்டிலும் வந்து நின்று சொல்வேன்.

தம்பி, உனக்கு மட்டும் நான் ஒரு வேலையும் வைக்கவில்லை. நீ நிறையப் பார்த்துவிட்டாய். இனி பார்க்க வேண்டாம். அந்தச் சொல் மாறுகிற வரைக்கும் நான் எழுதுவேன். கண் போய்விட்டால் சொல்லி எழுதவைப்பேன். இந்த உறுதியைக் காரைக்கால் முழுக்கக் கேட்கத் தருகிறேன்.

உன்னை இடுப்பில் சுமந்தவள், புத்தகத்தில் இடம் இல்லாதவள்,
உன் அக்கா
சௌந்தரம்
அம்பகரத்தூர்